ரத்தமா, வளர்ப்பா? ஏழு வயதுப் பையன் அடிக்கிறான் என்றால் காரணம் யார்?

கேள்வி கேட்டவர் ஒரு அம்மா. இரண்டு மகன்கள். பெரியவனுக்குப் பதினொரு வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சின்னவனுக்கு ஏழு. கோபம் வந்தால் அடிக்கிறான், கையில் கிடைத்ததை விட்டெறிகிறான், வகுப்பில் மற்றவர்களின் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு "நான் எடுக்கவே இல்லை" என்று சாதிக்கிறான். "எங்க பக்கத்துல யாரும் இப்படி இல்ல, இது உங்க வீட்டு ரத்தம்" என்கிறார் மாமியார். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. "இரண்டு பேரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தேன், அப்படியானால் இது பிறவிக் குணம்தானா?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

நேரடியாகவே சொல்கிறேன். பிறவிச் சுபாவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு அதை மறுக்க வழியில்லை. வளர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு தனிப் பிள்ளையை எடுத்து, இதில் இவ்வளவு ரத்தம், இவ்வளவு வளர்ப்பு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஏனென்றால், பிள்ளை எப்படிப்பட்டவனாகப் பிறந்தானோ அதற்கேற்ற வளர்ப்பைத்தான் பெரியவர்களிடமிருந்து இழுத்துக்கொள்கிறான். அந்த வளர்ப்பு மறுபடி அவனை மாற்றுகிறது. "ஒரே மாதிரி வளர்த்தேன்" என்று நீங்கள் மனதார நம்புகிறீர்கள், ஆனால் எந்த வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. அண்ணனுக்குக் கிடைத்த அம்மா தம்பிக்குக் கிடைப்பதில்லை.

உங்கள் மாமியாரும் எதிர்வீட்டு அக்காவும் பேசுவது வேறு கணக்கு. நம் வீடுகளில் பிள்ளை முதல் மார்க் வாங்கினால் "எங்க வம்சம்", கண்ணாடியை உடைத்தால் "அவ வளர்த்த லட்சணம்". "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பதும் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதும் ஒரே வாயிலிருந்து, அன்றைய தேவைக்கு ஏற்றபடி வரும். இரண்டில் எது வந்தாலும் பழி அம்மா தலையில்தான் விடிகிறது என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பேச்சை இங்கே ஒதுக்கி வைப்போம்.

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம்: டி.வி. பார்த்து, தெருப் பிள்ளைகளைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து. மான்ட்ரியாலில் ரிச்சர்ட் ட்ரொம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மனிதன் தன் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பது, கடிப்பது, தள்ளிவிடுவது எல்லாம் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் என்று அதில் தெரிந்தது. பதினேழு வயது முரடனைவிட இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் அதிகத் தடவை கை ஓங்குகிறது. கையில் பலம் இல்லாததால் நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அப்புறம் பேச்சு வருகிறது, காத்திருக்கப் பழகுகிறார்கள், கேட்டு வாங்கத் தெரிகிறது, அடி குறைகிறது. அதாவது அடிப்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருவது. அடிக்காமல் இருப்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே "இதை எங்கே கத்துக்கிட்டான்" என்பதைவிட "மற்ற பிள்ளைகள் விட்டுவிட்டதை இவன் ஏன் இன்னும் விடவில்லை" என்று கேட்பது பயன்தரும். மூன்று வயதில் கடித்தால் கவலை வேண்டாம். ஏழு வயதில் வாரத்தில் பல தடவை அடிக்கிறான் என்றால் கவனிக்கத்தான் வேண்டும்.

இனி பிறவிப் பங்கு. இதை அளக்க இரட்டைக் குழந்தைகளும் தத்துப் பிள்ளைகளும்தான் உதவியிருக்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு அச்சு அசலாக ஒன்று. இரு கருவில் உருவான இரட்டையர்கள் சாதாரண அண்ணன் தம்பி அளவுக்கே ஒத்திருப்பார்கள். முதல் வகையினர் நடத்தையில் எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்து மரபின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். 2002-ல் இப்படிப்பட்ட 51 இரட்டையர், தத்து ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சண்டை, திருட்டு, விதி மீறல் போன்ற நடத்தைகளில் ஆட்களுக்கு இடையே காணும் வேறுபாட்டில் சுமார் 41 சதவீதம் மரபோடு சேர்ந்து போனது. வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சூழலுக்கு 16 சதவீதம். மீதி 43, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக அமைகிற அனுபவங்களுக்கு. அளவீட்டில் வரும் பிழையும் இதில்தான் அடங்கும்.

அந்தக் கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஒரே பள்ளி என்று நாம் "வளர்ப்பு" என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த 16-க்குள் போய்விடுகிறது. ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததுதான் அதைவிடப் பெரிது: எந்த ஆசிரியர் வந்தார், யாரோடு சேர்ந்தான், வீட்டில் யாரிடம் என்ன பெயர் வாங்கினான்.

இந்த 41-ஐப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகன் கோபத்தில் நூற்றுக்கு 41 பங்கு பிறவி என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது. எல்லா வீடுகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் இந்த எண் ஏறும், ஏனென்றால் மிஞ்சுகிற வேறுபாட்டில் மரபின் பங்கு கூடிவிடும். வீடுகள் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிற இடத்தில் இறங்கும். அதைவிட முக்கியம், மரபில் வந்தது மாறாது என்று முடிவு கட்டக் கூடாது. கிட்டப்பார்வை குடும்பத்தில் வருவதுதான், அதற்காகக் கண்ணாடி வேலை செய்யாமல் போகிறதா?

"ஜீன்" என்றதும் கெட்டவனாக்குகிற ஜீன் ஒன்று எங்கோ இருப்பதாக நினைக்க வேண்டாம். 1993-ல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் ஆண்கள் சிலரிடம், மூளையில் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதியின் மரபணு அறவே வேலை செய்யாமல் இருந்தது தெரியவந்தது. பத்திரிகைகள் அதைப் "போர்வீரன் ஜீன்" ஆக்கிவிட்டன. 2002-ல் காஸ்பி, மாஃபிட் குழுவினர் நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் அதே மரபணுவின் சாதாரண வகைகளைப் பார்த்தார்கள். நொதி குறைவாகச் சுரக்கும் வகை மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. அந்த வகை இருந்து, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளான ஆண் பிள்ளைகளிடம்தான் பிற்காலத்தில் வன்முறை கூடியிருந்தது. ஒற்றை மரபணுவை வைத்து ஒருவன் எதிர்காலத்தைச் சொல்வதாக இன்று யாராவது பரிசோதனை விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, பிள்ளை தன் வளர்ப்பை இழுத்துக்கொள்கிறான் என்றேனே, அதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு உண்டு. பெற்ற தாய்க்குச் சமூக விரோத நடத்தை இருந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள், மற்ற வளர்ப்புப் பெற்றோரைவிட அதிகமாகக் கத்தினார்கள், மிரட்டினார்கள், தண்டித்தார்கள் என்று 1998-ல் வெளியான முடிவு சொன்னது. வளர்த்தவர்களுக்கும் பிள்ளைக்கும் ரத்த உறவு கிடையாது. அவர்கள் பொதுவாகவே முரட்டுப் பெற்றோர் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை கொண்டுவந்த சுபாவம்தான் அந்தக் கத்தலில் ஒரு பகுதியை அவர்களிடமிருந்து வரவழைத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? "சும்மா கத்திக்கிட்டே இருந்தா பிள்ளை முரடனாத்தான் ஆவான்." எது முன்னால், எது பின்னால் என்பது அவருக்குத் தெரியாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தத்துப் பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு ஆய்வு 561 குடும்பங்களை எடுத்துக்கொண்டது, 2016-ல் வெளியானது. பெற்ற தாயின் கடுமையான சமூக விரோத நடத்தை, அவரோடு பழக்கமே இல்லாத குழந்தையிடமும் 27 மாத வயதில் இரக்கக் குறைவாக எட்டிப்பார்த்தது. ரத்தம் பேசுகிறது என்று உங்கள் மாமியார் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 18 மாதத்தில் வளர்ப்புத் தாய் குழந்தையைப் பாராட்டி, ஊக்கப்படுத்திப் பழகிய வீடுகளில் அந்தத் தொடர்பு மங்கிப்போனது. பிறவியில் வந்ததையே வளர்ப்பு தணித்தது.

இந்தச் சுழல் அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதை ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, நிமிடத்துக்கு நிமிடம் குறிப்பெடுத்துக் கண்டுபிடித்தார். நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம். மாலை ஆறரை மணி. "போனை வை, எழுதற வேலையப் பாரு." காது கேட்காத மாதிரி இருக்கிறான். இரண்டாவது தடவை குரல் உயர்கிறது, அவன் முனகுகிறான். மூன்றாவது தடவை நீங்கள் போனைப் பிடுங்கப் போகிறீர்கள், அவன் அலறி, தலையணையை எறிந்து, காலால் உதைக்கிறான். அடுப்பில் சாதம், கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும், உங்களுக்குத் தலைவலி. "சரி, பத்து நிமிஷம் பாத்துட்டு வா." உடனே அமைதி. அந்த ஒரு நொடியில் இரண்டு பேரும் ஒவ்வொரு பாடம் கற்றார்கள். உதைத்தால் வேலை தள்ளிப்போகும் என்பது அவனுக்கு, விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்பது உங்களுக்கு. அடுத்த நாள் நீங்கள் உறுதியாக இருந்து, முதுகில் ஒன்று வைத்து உட்கார வைத்தீர்கள் என்று வையுங்கள். இப்போது அடித்தால் வேலை நடக்கும் என்று நீங்கள் கற்றீர்கள். பலம் உள்ளவன் சொல்வதுதான் நடக்கும் என்று அவன் கற்றான். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதல் அலறல், இன்னும் கொஞ்சம் கூடுதல் அடி. ஒரு வருடத்தில் ஐம்பது நூறு தடவை இது நடந்தால், யாரும் திட்டமிடாமலே ஒரு பிள்ளைக்குக் கத்தவும் அடிக்கவும் பயிற்சி கொடுத்தாகிவிட்டது.

இதில் பெரியவன் எங்கே வருகிறான்? வரவே மாட்டான். முதல் தடவை சொன்னதுமே அவன் எழுந்து போய்விடுவதால் இந்தப் பயிற்சி அவனோடு தொடங்குவதே இல்லை. எளிதில் அடங்குகிற சுபாவம் உள்ள பிள்ளைக்கு அரைகுறை வளர்ப்பும் போதும். உங்கள் சின்னவனைப் போன்றவர்களுக்குத்தான் வளர்ப்பில் உள்ள சின்ன ஓட்டைகூடப் பெரிதாகிறது. 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து, சுமார் பத்தில் ஒரு குழந்தை தொடக்கத்திலிருந்தே தூக்கம், பசி, புது ஆள், புது இடம் எல்லாவற்றிலும் முரண்டு பிடிப்பதாகக் கண்டார்கள். அவர்கள் முடிவு எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது: பிள்ளையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சதா ஓடியாடும் பிள்ளை வயல்வெளி உள்ள வீட்டில் "சுறுசுறுப்பான பையன்", இரண்டாம் மாடி ஒற்றைப் படுக்கையறை வீட்டில் "அடங்காதவன்".

எல்லாம் பிள்ளை இழுப்பதுதான், பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. அதற்கு நான் பார்த்தவரை மிகச் சிறந்த சான்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 95-ல் பிறந்த 1,116 இரட்டையர் ஜோடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு. பிள்ளைகளுக்கு ஐந்து வயதானபோது ஒவ்வொரு தாயிடமும் "இந்தக் குழந்தையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு மற்றக் குழந்தையைப் பற்றி. குரலில் இருந்த வாஞ்சையும் சலிப்பும் தனியாக மதிப்பிடப்பட்டன. ஒரே கரு இரட்டையர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மரபணு ஒன்று, வீடு ஒன்று, வயது ஒன்று. அவர்களிலும், எந்தக் குழந்தையைப் பற்றித் தாய் அதிகச் சலிப்போடும் குறைந்த வாஞ்சையோடும் பேசினாரோ, அந்தக் குழந்தையிடம் ஏழு வயதில் முரட்டு நடத்தை கூடுதலாக இருந்தது. ஐந்து வயதில் இருந்த வேறுபாட்டைக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. ஏழு வயது நடத்தையைச் சொன்னவர்கள் தாய்மார்கள் மட்டும் அல்ல, ஆசிரியர்களும்தான். ரத்தத்தை முழுதாகச் சமப்படுத்திய பின்னும் மிஞ்சிய வளர்ப்பின் வேலை இது.

உங்கள் வீட்டில் சின்னவனைப் பற்றி, அவன் காதுபட, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ன பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "இது ஒரு சனியன்", "அண்ணனைப் பாரு", "இவன் என்னத்துக்கு உருப்படப் போறான்". சொல்கிறவர்களுக்கு இது வெறும் வாய்ப்பேச்சு. விருந்தாளி வந்தால்கூட அறிமுகமே "பெரியவன் சமத்து, இவன் வாலு" என்றுதான் தொடங்கும்.

அதே ஆய்வில் சாரா ஜாஃபி என்பவர் இன்னொரு எல்லைக்கோட்டையும் காட்டினார். சாதாரணமாக ஒரு தட்டுத் தட்டுவது, முதுகில் ஒன்று வைப்பது என்ற அளவில், எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்குகிறான் என்பதில் பிள்ளையின் மரபுக்கும் பங்கு இருந்தது. காயம் படுமளவு கொடுமைப்படுத்துவதில் அந்தப் பங்கு இல்லை என்றே சொல்லலாம். அதன் காரணம் பெரியவரிடமும் குடும்பச் சூழலிலும் இருக்கிறது. "அவன் அப்படிப் பண்ணினான், அதனால சூடு வெச்சேன்" என்பதை ஏற்கவே முடியாது.

அடியைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். "அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாம். 2016-ல் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளை உள்ளடக்கி, சாதாரண அடியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்த ஒரு தொகுப்பு வெளியானது. அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகவே இருந்தன; நன்மை பக்கம் ஒரு தெளிவான முடிவும் இல்லை. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறான் என்று எதிர்வாதம் செய்யலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் முரட்டுத்தனத்தைக் குறைக்க அடி உதவும் என்று காட்டுவது வேறு விஷயம், அதை அந்தத் தொகுப்பில் காணவில்லை. "எங்கள் ஊரில் எல்லோரும்தான் அடிக்கிறார்கள், பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை" என்பதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தியா, சீனா, கென்யா, இத்தாலி, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்து 2005-ல் வந்த ஆய்வு அது. அடி சகஜமாக உள்ள இடத்தில் தீங்கு கொஞ்சம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. ஆகவே "நாலு போடு போடுங்க சார்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருவதை நிறுத்துங்கள்.

கணவர் இந்தக் கதையில் எங்கே? உங்கள் கேள்வியில் அவர் வரவே இல்லை. அதனால் ஒரு கண்டுபிடிப்பை மட்டும் சொல்கிறேன், அதே இங்கிலாந்து ஆய்விலிருந்து. அப்பா நிதானமானவராக இருந்த வீடுகளில், அவர் கூட இருந்த காலம் குறையக் குறையப் பிள்ளையின் முரட்டுத்தனம் கூடியது. அப்பாவே அடிதடி, சட்டமீறல் என்று வாழ்கிறவராக இருந்தால் நேர்மாறு: அவர் கூட இருக்க இருக்கப் பிள்ளை மோசமானான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மரபிலும் சுமை, வீட்டிலும் சுமை, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து. "பிள்ளைங்களுக்காகவாவது பொறுத்துக்கிட்டு சேர்ந்து இரு" என்று பஞ்சாயத்து பேசுகிறவர்கள் முதலில் அந்த அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே உள்ளதும் வளர்ப்புதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1,420 பிள்ளைகளை ஆண்டுதோறும் பரிசோதித்து வந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வின் நடுவே பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்து, அதன் லாபத்தில் ஒவ்வொரு பழங்குடிக் குடும்பத்துக்கும் பணம் வரத் தொடங்கியது. யாரும் திட்டமிடாத ஒரு சோதனை அது. வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் அடம், சண்டை, திருட்டு போன்றவை குறைந்து, ஒருபோதும் ஏழையாக இல்லாத பிள்ளைகள் அளவுக்கே வந்தன என்று 2003-ல் எழுதினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் அப்படிக் குறையவில்லை. ஏன் என்று பார்த்தபோது, பணத்தைவிட அதனால் கிடைத்த நேரம்தான் முன்னால் நின்றது: பெற்றோரால் பிள்ளையைக் கவனிக்க முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் ரத்தம் மாறவில்லை, பெற்றோரின் குணமும் ஒரே வருடத்தில் மாறியிருக்காது. இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிற அம்மாவிடம் "வளர்ப்பு சரியில்லை" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். ஈயம் போன்ற நஞ்சும் இந்தக் கணக்கில் உண்டு. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகள், உரிந்து விழும் பழைய பெயிண்ட் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வளரும் குழந்தைகளிடம் கவனக் குறைவும் படபடப்பும் கூடுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

எல்லா முரட்டுத்தனமும் ஒரே வகை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73-ல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அதை வைத்து டெரி மாஃபிட் 1993-ல் இரண்டு வகை சொன்னார். பெரும்பாலானவர்கள் பதின்ம வயதில் மட்டும் ஆட்டம் போட்டுவிட்டு இருபதுகளில் அடங்கிவிடுகிறார்கள். அதில் கூட்டாளிகளின் பங்குதான் அதிகம். ஒரு சிறு கூட்டம் மட்டும் சின்ன வயதிலேயே தொடங்கி நீடிக்கிறது. அவர்களிடம் பெரும்பாலும் பேச்சிலோ கவனத்திலோ ஏதாவது குறை பிறவியிலேயே இருந்திருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்க முடியாத வீடும் அமைந்திருக்கிறது. ஏழு வயதில் தொடங்கிய எல்லோரும் அப்படி ஆவதில்லை. ஆனால் "வளர்ந்தா சரியாயிடும்" என்று பத்து வருடம் காத்திருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

இன்னொரு வகை, அடித்துவிட்டு எந்த வருத்தமும் படாத பிள்ளைகள். மற்றவர் அழுகை அவர்களைத் தொடாது. எஸ்ஸி வைடிங் என்ற லண்டன் ஆய்வாளர் 2005-ல் ஏழு வயது இரட்டையர்களைப் பார்த்தபோது, இரக்கக் குறைவோடு சேர்ந்த முரட்டுத்தனத்தில் மரபின் பங்கு 81 சதவீதம், இரக்கம் உள்ளவர்களின் முரட்டுத்தனத்தில் 30 சதவீதம் என்று வந்தது. இந்த முதல் வகைப் பிள்ளைகளிடம் தண்டனை அதிகம் எடுபடாது. மூலையில் உட்கார வைத்தாலும் கவலைப்பட மாட்டார்கள். பாராட்டு, பரிசு, பாசமான நெருக்கம் ஆகியவை எடுபடுகின்றன. மரபின் பங்கு மிக அதிகமாக உள்ள பிள்ளைக்குத்தான் அன்பான வளர்ப்பு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. உங்கள் மகன் பென்சிலை எடுத்துவிட்டு "எடுக்கவில்லை" என்று சாதிப்பதை நான் இதில் சேர்க்க மாட்டேன். ஏழு வயதில் பொய் சொல்வது பெரும்பாலும் அடிக்குப் பயந்துதான்.

இப்போது என்ன செய்வது? கற்பித்தலுக்கு முன் உடம்பைப் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரவு வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறானா? படிக்க வராத பிள்ளை அந்த நேரத்தில் சண்டை போட்டுத் தப்பிப்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம். கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை, நாம் ஏ.டி.எச்.டி. என்கிறோமே, அது இருந்தாலும் வெளியே "அடங்காப்பிடாரி" என்றுதான் தெரியும். அதில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல், ஆனாலும் சிகிச்சைக்கு நன்றாகவே அடங்கும்.

வீட்டில், பேட்டர்சன் கண்ட அந்தச் சுழலை ஒரு இடத்தில் வெட்ட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள், அறிவுரை கிடையாது, போன் கிடையாது. அண்ணன் அப்போது கூட இருக்க வேண்டாம். கேட்ட வேலையை அவன் செய்துவிட்டால் அந்த நிமிடமே, எதைச் செய்தான் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "சொன்னதும் போனை வெச்சுட்டியே, சந்தோஷம்" போதும். கட்டளையைக் குறையுங்கள். பக்கத்தில் போய், ஒரு தடவை, ஒரே ஒரு வேலை. நிறைவேற்ற முடியாத மிரட்டல் வேண்டவே வேண்டாம். "ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்" என்பதை அவன் எப்போதோ நம்புவதை விட்டுவிட்டான். அலறினால் சலுகை கிடையாது என்பதில் வீட்டில் உள்ள எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அலறல் கூடும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் "வேண்டாம்" என்றதைப் பாட்டி ரகசியமாகக் கொடுத்தால் அத்தனையும் வீண். மாமியாரிடம் இதைச் சொல்வது கடினம்தான், கணவர் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

இது என் சொந்த வைத்தியம் அல்ல. மூன்று முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலுக்குப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதைத்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் முதலில் பரிந்துரைக்கிறது. பயிற்சி பெற்றோருக்கு என்றால் தப்பு பெற்றோருடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனுக்கு ஏழு வயது, அந்தச் சுழலில் முதலில் மாறக்கூடிய ஆள் நீங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் இது குறையாமல் நீடித்தால், விலங்குகளைத் துன்புறுத்தினால், தீ வைத்து விளையாடினால், வீட்டைவிட்டு ஓடினால், அல்லது இருந்தாற்போல் ஒரு நாளில் குணம் மாறினால் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதில் யாராவது அவனுக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்ற கோணத்தையும் விடக் கூடாது. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் வகுப்பு ஆசிரியரிடம், அவன் எந்தப் பாடவேளையில், யாரோடு இருக்கும்போது அடிக்கிறான், அடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கேட்கப்போவது பெரும்பாலும் அதைத்தான்.